பெயர் மாற்றாத வண்டி

வண்டி ஓடுவது தேவர்சோலையில்.
நம்பர் கர்நாடகம்.
படம் பிடித்தது கேரளம்.
அபராதம் போய் விழுந்ததோ
குண்டல்பேட்டையில் செண்டுமல்லி பறித்துக்கொண்டிருந்த
குருமல்லப்பாவின் சட்டைப்பையில்.

ஆம்னியை அவரிடம் வாங்கி இரண்டு வருடம்.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் அவர்தான் நான்.

"நேற்றுக் காலை ஏழு பன்னிரண்டுக்கு
நான் பத்தேரி ரோட்டில் இருந்திருக்கிறேன்" என்றார் போனில்,
கோபமா சிரிப்பா பிடிபடாத கன்னடத்தில்.
"பக்கத்தில் ஒரு பெண். பெல்ட் போடவில்லை.
ஐந்நூறு ரூபாய்.
படத்தை என் மனைவியும் பார்த்துவிட்டாள்."

என் தங்கை, என்றேன்.
"அதை அவளிடமே சொல்" என்று போனைக் கொடுத்தார்.

யோகமலருக்கு வாரம் இருமுறை
பத்தேரியில் டயாலிசிஸ்.
வலப்பக்கம் சீழ் வைத்ததால்
இடது தோளுக்குக் கீழே மாற்றிய குழாய்,
பிளாஸ்திரிக்கு வெளியே இரண்டு வால்.
பெல்ட் சரியாக அதன் மேல்தான் வந்து உட்காரும்.

பாட்டவயல் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்
குனிந்து பார்ப்பார்,
பிளாஸ்திரியைப் பார்த்ததும் போ போ என்பார்.
அந்தப் பக்கத்துக் கம்பம் குனியாது.

இரண்டாம் படம்.
"தூங்குகிறாளா?"
மூன்றாம் படம்.
"உன் கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கிறது.
பின்னால் என்ன, நேந்திரக் குலையா?
அவள் இளைத்துப்போனாள்,
ராகிக் களி கொடு."
ராகி, வாழை, இளநீர் எதுவும் ஆகாது என்று
கன்னடத்தில் விளக்க வரவில்லை.
சரி, கொடுக்கிறேன், என்றேன்.

பெயர் மாற்ற
சாமராஜநகரிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும்.
சான்று வேண்டுமென்றால் பாக்கி இருக்கக் கூடாது.
ஒன்றைக் கட்டி ரசீது வாங்குவதற்குள்
அடுத்தது வந்துவிடும்.
ஆட்சேபம் சொல்லலாம் என்றார்கள். போனேன்.
ஆர்.சி.யில் பெயருள்ளவர் வர வேண்டும், என்றாள்
கவுண்டரில் இருந்தவள், மலையாளத்தில்.
படத்தில் இருப்பவன் நான்தான், என்றேன் தமிழில்.
படத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.
ஒத்துக்கொண்டாள்.
ஆனாலும் போதாது.

ஆடி மழையில் ஒரு ராத்திரி,
கரண்ட் இல்லாத நேரம்,
குருமல்லப்பா கூப்பிட்டார்.
கூடலூரில் மழை எப்படி என்றார்.
இங்கே பூ கிலோ எட்டு ரூபாய்க்கு வந்துவிட்டது என்றார்.
நேந்திரம் என்ன விலை என்றார்.
பிறகு கொஞ்ச நேரம்
மூச்சு மட்டும் கேட்டது.

"மூன்று மாதமாக மெசேஜ் வரவில்லை.
பையனை விட்டு இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.
நீ வேற ரோட்டில் போகிறாயா,
இல்லை…"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

குழாயை எடுத்துவிட்டார்கள் ஐயா.
இப்போதெல்லாம் கையில்தான் ஊசி.
பெல்ட் போட்டுக்கொள்கிறாள்.

"பெல்ட் போட்டுக்கொள்கிறாளாம்"
என்று அவர் உள்பக்கம் திரும்பிக் கத்தியது கேட்டது.
ஒரு பாத்திரத்தை யாரோ கீழே வைத்தார்கள்.
அப்புறம் மறுபடியும் பூ விலை.

வியாழக்கிழமை நூல்புழை தாண்டியதும்
கம்பம் தூரத்தில் தெரிந்தது.
யோகமலர் பெல்ட்டை நேராக இழுத்துவிட்டு
முந்தானையைச் சரிசெய்தாள்.
"ஒரு தடவை வேகமாத்தான் போயேன்.
அந்த மனுஷன் பார்க்கட்டும்."

வேகத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு.
நாற்பதிலேயே ஓட்டினேன்.